ஒரே ஒரு பல் மிச்சம்: ஜார்ஜ் வாஷிங்டனின் வாய், ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி ஆண், வயது 57. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அன்றைக்கு அவர் வாயில் இருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான்: கீழ்த்தாடையின் இடப்பக்கத்து முன்கடைவாய்ப் பல்.

பல் சீரமைப்பைப் பற்றிப் பேச ஜார்ஜ் வாஷிங்டனை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அவருடைய பதிவுகள். முதல் பல்லைப் பிடுங்கியதற்குக் கொடுத்த காசு கணக்கில் இருக்கிறது. பல் மருத்துவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களும், மருத்துவர் எழுதிய பதிலும் இருக்கின்றன. வாயில் போட்டிருந்த பல் செட்டுகளில் சில இன்றும் பத்திரமாக உள்ளன. முதல் பல் போனது 1756-ல், கடைசிப் பல் போனது 1796-ல். ஒரே நோயாளியை நாற்பது ஆண்டு விடாமல் பின்தொடரும் வாய்ப்பு இன்றைய மருத்துவமனைக் கோப்புகளில்கூட அரிது.

இந்தப் பதிவுகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவருக்குப் பல் செய்து கொடுத்தவர்கள் கைதேர்ந்தவர்கள். பொருளும் அந்தக் காலத்தில் கிடைத்ததில் உயர்ந்தது. ஆனாலும் கடைசிவரை அவருக்கு நிம்மதியாகச் சாப்பிட வாய்க்கவில்லை. அவர்கள் பல்லைத் திருப்பிக் கொடுத்தார்கள். பல் நின்ற எலும்பைக் காப்பாற்ற அவர்களிடம் வழி இல்லை.

முதல் பல் போன விதம்

1756-ல், 24 வயதில், பல் பிடுங்கியதற்காக வாட்சன் என்ற மருத்துவருக்கு 5 ஷில்லிங் கொடுத்ததாக வாஷிங்டனின் கணக்கில் வருகிறது. அதற்குப் பிறகு பல்வலியும் ஈறு வீக்கமும் பிடுங்கலும் அவர் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டன. வாயைப் பேணாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். பல் துலக்கும் பிரஷ், பற்பொடி, வெள்ளைப்போளம் கலந்த மருந்து என்று வாங்கிய செலவுகளும் அதே கணக்குகளில் இருக்கின்றன. தேய்க்கத்தான் தேய்த்தார். ஈறுக்கு அடியில் இறங்கிக் கல்லாக இறுகிவிட்ட அழுக்கை, அதாவது காரையை, பிரஷ் எட்டாது.

கொட்டைகளைப் பல்லால் உடைத்தே பல்லை இழந்தார் என்று, அவருக்கு அடுத்துக் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கொட்டை உடைத்தால் ஒரு பல் உடையும், இரண்டு உடையும், வாயே காலியாகாது. ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டுக்கணக்கில் பற்கள் விழும் இந்தப் போக்கைப் பார்த்தால், சொத்தையும் ஈறு நோயும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அந்தக் கால மருத்துவர்கள் பல நோய்களுக்கும் கலோமல் என்ற பாதரச உப்பைத் தாராளமாகக் கொடுத்தார்கள். அளவு மீறினால் ஈறு வெந்து, எச்சில் ஊற்றெடுத்து, நல்ல பல்லும் ஆடத் தொடங்கும். அதுவும் ஒரு பங்கு வகித்திருக்கலாம்.

பல் வலித்தால் பிடுங்குவது என்பதே அன்றைய வர்ஜீனியாவில் நடைமுறைச் சிகிச்சை. நம்மூர் கிளினிக்கிலும் தினமும் காதில் விழும் வாக்கியம்தான்: "எதுக்கு டாக்டர் அதை வச்சுக்கிட்டு, புடுங்கிப் போட்டுருங்க." வலி நின்றுவிடும், உண்மைதான். ஆனால் ஒரு பல் போன இடம் அப்படியே இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிர்ப் பல் தன் இணையைத் தேடி இறங்கி வருகிறது. சாய்ந்த பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் உணவு சிக்குகிறது. அடுத்த பல்லின் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

கம்பியில் கட்டிய பற்கள்

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய காலத்தில் வாஷிங்டனைப் பார்த்த பல் மருத்துவர்களில் ஒருவர் ஜான் பேக்கர். யானைத் தந்தம் போன்ற பொருளில் பல்லைச் செதுக்கி, மிச்சமிருந்த சொந்தப் பற்களோடு கம்பியால் கட்டிவிடுவது அவர் முறை. பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் காலி இடத்தை நிரப்பும் இன்றைய பிரிட்ஜுக்கு அதை முன்னோடி என்று சொல்லலாம். வேறுபாடு ஒன்று: இன்று தாங்கும் பல்லைச் செதுக்கி, அதன் மேல் கேப் ஒட்டி, விசை வேரின் நீளத்தில் இறங்குமாறு பார்த்துக்கொள்கிறோம். கம்பி அப்படிச் செய்யாது. மெல்லும்போதெல்லாம் தாங்கும் பல்லைப் பக்கவாட்டில் இழுக்கும். கம்பியைச் சுற்றி அழுக்குச் சேரும். நோய்ப்பட்ட ஈறில் நிற்கும் பல்லுக்கு இந்த இரண்டுமே போதும். போன பல்லின் இடத்தை நிரப்ப வந்த கட்டு, இருக்கும் பல்லையும் ஆட்டிவிடும்.

1781 மே மாதம் வாஷிங்டன் பேக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பற்களின் கம்பியை முறுக்கிக் கட்ட ஒரு குறடும், பல்லைச் சுரண்டும் கருவியும் வேண்டும், பிலடெல்பியாவுக்கு இப்போதைக்கு வரும் வாய்ப்பு இல்லை என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதம் வழியிலேயே பிரிட்டிஷ்காரர்கள் கையில் சிக்கியது. ஒரு படைத் தலைவர் தன் வாய்க்கம்பியைத் தானே இறுக்கிக்கொள்ளக் குறடு கேட்கிறார் என்றால், அந்தக் கட்டு எத்தனை முறை தளர்ந்திருக்கும்! 1782 கிறிஸ்துமஸ் நாளன்று எழுதிய இன்னொரு கடிதத்தில், மவுண்ட் வெர்னன் என்ற தன் பண்ணை வீட்டைக் கவனித்துக்கொண்ட உறவினர் லண்ட் வாஷிங்டனிடம், படிப்பறை மேசையின் இழுப்பறையில் இரண்டு சிறிய முன்பற்கள் இருக்கும், அவற்றைக் கவனமாகச் சுற்றி அடுத்த கடிதத்தோடு அனுப்பு என்கிறார். விழுந்த பல்லை அவர் எடுத்துவைத்திருந்தார். திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்பது பற்கள்

இந்த இடத்தைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. போர் முடியும் தறுவாயில் வாஷிங்டனுக்குச் சிகிச்சை பார்க்கத் தொடங்கியவர் ழான் பியர் ல மாயர் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர். ஒருவர் பல்லைப் பிடுங்கி இன்னொருவர் தாடையில் நடுவதில் பெயர் பெற்றவர். லண்டனின் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் இந்தப் பல்நடவைப் பரப்பியிருந்தார். பணக்கார வீடுகளில் அது நாகரிகமாகவே இருந்தது.

1784 மே மாதம் மவுண்ட் வெர்னன் கணக்கில் ஒரு வரி: பிரெஞ்சு மருத்துவரின் கணக்கில் ஒன்பது பற்களுக்காகக் கறுப்பினத்தவர்களுக்குக் கொடுத்தது 6 பவுண்ட் 2 ஷில்லிங். அதாவது 122 ஷில்லிங். பல் ஒன்றுக்கு பதின்மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். அதே ல மாயர் செய்தித்தாள் விளம்பரத்தில் நல்ல முன்பல்லுக்கு இரண்டு கினி, அதாவது 42 ஷில்லிங், தருவதாக அறிவித்தவர். மவுண்ட் வெர்னனில் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விற்றவர்கள் அடிமைகள். மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் காசைக் கொடுத்து வாங்கியதை விற்பனை என்று எழுதிவைத்தாலும் அது விற்பனையாகிவிடாது.

மயக்க மருந்து வர இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் இருந்தது. பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரைப் பயன்படுத்திக் காட்டியது 1846-ல். மார்ட்டனும் பல் மருத்துவர்தான். இந்த ஒன்பதும் மயக்கம் இல்லாமல் பிடுங்கியவை. நடவுக்கோ செட்டுக்கோ வாங்கும் பல் நல்ல பல்லாகத்தான் இருக்க வேண்டும். இன்னொருவர் வாயிலிருந்து வந்த பல்லை உடல் ஏற்காது. சில காலம் நிற்கும், பிறகு வேர் கரைந்து விழும். இடையில் மேகநோய் போன்ற தொற்றுகளையும் அது கொண்டுவந்தது. ஒரு தாடையில் நிலைக்காத பல்லுக்காக இன்னொரு தாடையில் ஓட்டை விழுந்தது. பல்லைக் கொடுத்தவர்களுக்கு எந்தப் பதிவும் கிடையாது, பெயரும் கிடையாது. ஒரு முழுமையான நிகழ்வு ஆய்வில் அவர்களும் நோயாளிகளே.

கிரீன்வுட்டின் துளை

1789-ல் வருகிறார் ஜான் கிரீன்வுட். இந்த வழக்கில் நான் மிகவும் மதிக்கும் கைகாரர் அவர்தான். தந்தத்தில் கடைசல் வேலை செய்து, இசைக்கருவி செய்து, பல் மருத்துவமும் பார்த்த பாஸ்டன் குடும்பத்தில் பிறந்தவர். நூல் நூற்கும் ராட்டையின் மிதியை எடுத்துப் பல் துளைக்கும் கருவிக்குப் பொருத்தி, காலால் மிதித்து இயக்கியவர்.

வாஷிங்டனுக்கு அவர் செய்த செட்டின் அடிப்பாகம் நீர்யானைத் தந்தம். யானைத் தந்தத்தைவிடக் கடினம், சீக்கிரம் மஞ்சளாகாது. அதைச் செதுக்கி, மனிதப் பற்களை உலோக ஆணியால் பொருத்தினார். வாஷிங்டனுக்கு மரப்பல் என்று உலகம் முழுவதும் சொல்லும் கதைக்கு ஆதாரம் கிடையாது. அவருடைய செட் எதிலும் மரம் இல்லை. தந்தத்தில் விழும் மயிரிழை விரிசல்களில் கறை இறங்கினால் மர ரேகைபோலத் தெரியும், அதிலிருந்து கிளம்பிய கதையாக இருக்கலாம்.

1789-ல் செய்த கீழ் செட்டில் கவனிக்க வேண்டியது ஒரு துளை. இடப்பக்கத்தில், அந்த ஒற்றைப் பல் நுழைந்து நிற்கும்படி தந்தத்தைக் குடைந்து விட்டிருக்கிறார் கிரீன்வுட். இந்தச் செட் நியூயார்க் மருத்துவ அகாடமியில் இருக்கிறது. அந்தப் பல்லையும் பிடுங்கிவிட்டு முழு செட்டைப் போடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும், செதுக்கும் வேலையும் மிச்சம். பிடுங்கவில்லை. கீழ் செட் வழுக்கும், நாக்கு தள்ளும், உதடு இழுக்கும். நடுவில் ஒரு வேர் ஊன்றி நின்றால் அது நகராது. ஏழு ஆண்டு அந்தப் பல் ஒற்றை முளைக்குச்சியாக நின்று முழு செட்டையும் பிடித்திருந்தது.

ஆனால் அந்தச் சுமை ஒரு பல் தாங்கக்கூடியதல்ல. நடுத்தூணாக நிற்கும் பல்லை உயரமாக விட்டால் செட்டின் ஒவ்வொரு அசைவும் நெம்புகோல்போல அதை உலுக்கும். 1796-ல் அதுவும் ஆடி, கிரீன்வுட்டே எடுத்தார். எடுத்த பல்லைச் சின்னக் கூட்டில் வைத்துத் தன் கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொண்டார்.

ஸ்பிரிங்கும் உதடும்

மேல் செட் எப்படி நின்றது? இன்று மேல்வாயில் செட் ஒட்டி நிற்பது எச்சிலின் மெல்லிய படலத்தாலும், ஓரம் சரியாக அடைபட்டு உள்ளே காற்றழுத்தம் குறைவதாலும். அதற்கு ஈறை அச்செடுத்ததுபோல உட்பரப்பு பொருந்த வேண்டும். தந்தத்தைக் கையால் செதுக்கி அந்தப் பொருத்தத்தை எட்ட முடியாது. ஆகவே மேல் கீழ் இரண்டையும் கடைவாய்ப் பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கால் இணைத்தார்கள். இரண்டு செட்டையும் ஸ்பிரிங்கால் இணைப்பதை 1728-லேயே பிரான்சின் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் எழுதிவைத்திருக்கிறார். ஸ்பிரிங் மேல் செட்டை மேலே தள்ளும், கீழ் செட்டைக் கீழே அழுத்தும். வாயை மூடியே வைத்திருக்க வேண்டும் என்றால் தாடைத் தசை ஓயாமல் இறுக்கியபடி இருக்க வேண்டும். பேச வாய் திறந்தால் ஸ்பிரிங் எகிறும். விழித்திருக்கும் நேரமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். 1796-ல் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த உருவப்படத்தில், இன்றும் ஒரு டாலர் நோட்டில் உள்ள அந்த முகத்தில், இறுகிய வாயும் உப்பிய கீழ்முகமும் அப்படியே தெரிகின்றன.

கிரீன்வுட் நியூயார்க்கில். நோயாளி பிலடெல்பியாவில், பிறகு மவுண்ட் வெர்னனில். பழுதுபார்க்க செட் பெட்டியில் போய்ப் பெட்டியில் திரும்பியது. வாயைப் பார்க்காமல் செட்டைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்று எந்தப் பல் மருத்துவரும் சொல்வார். 1797 ஜனவரியில் வாஷிங்டன் எழுதுகிறார்: என்ன செய்தாலும் சரி, இப்போது இருப்பதைவிடச் சிறிதும் உதட்டை வெளியே தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே அளவுக்கு மேல் தள்ளுகிறது. 1798 டிசம்பரிலும் அதே முறையீடு; மூக்குக்கு அடியில் உதடு புடைத்து நிற்கிறது.

அதே மாதம் கிரீன்வுட் எழுதிய பதில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். பிலடெல்பியாவிலிருந்து வந்த செட் கன்னங்கரேலென்று இருந்தது. போர்ட் ஒயினில் ஊறவைத்தீர்களோ, குடித்ததனாலோ. அந்த ஒயின் புளிப்பு, மெருகையெல்லாம் எடுத்துவிடும் என்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போட்டுவிட்டு வேறு செட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது நைசாகச் சுரண்டிய சுண்ணக்கட்டியும் பிரஷும் கொண்டு தேயுங்கள் என்பது அறிவுரை. சரியான கணிப்பு. பல்லும் தந்தமும் ஒரே வகைக் கால்சியப் பாஸ்பேட் பொருள். அமிலம் பட்டால் மேற்பரப்பு கரையும், கரைந்த இடத்தில் நிறம் இறங்கும். குளிர்பானம் குடிப்பவர்களின் சொந்தப் பல்லிலும் இன்று இதே தேய்மானத்தைத்தான் பார்க்கிறோம்.

எலும்பு எங்கே போனது

பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. மெல்லும்போது அந்த நார்கள் எலும்பை இழுக்கின்றன. அந்த இழுப்பால்தான் எலும்பு உயிரோடு இருக்கிறது. வேர் போனால் இழுப்பு போயிற்று. மேலே செட் உட்கார்ந்தால் இழுப்புக்குப் பதில் அழுத்தம் வருகிறது. எலும்பு கரைகிறது, முதல் ஓராண்டில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். பல் செட் போட்டவர்களை 25 ஆண்டு பின்தொடர்ந்து 1972-ல் வெளியான ஆய்வில், கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு கரைந்திருந்தது.

கரையும் திசையும் முக்கியம். மேல்தாடை மேலும் உள்ளுமாகச் சுருங்குகிறது, கீழ்த்தாடை முன்னே நீண்டதுபோல ஆகிறது. பற்களைப் பழைய இடத்திலேயே வைத்தால் மேல் செட்டின் முன்பக்கம் எலும்பைத் தாண்டி வெளியே நிற்கும், உதடு புடைக்கும். உள்ளே தள்ளி வைத்தால் கீழ்ப் பற்களோடு பொருந்தாது. கிரீன்வுட் எத்தனை முறை திருத்தியும் உதடு அடங்காததற்கு என் கணிப்பில் காரணம் இதுதான். அவர் சீவியதும் தேய்த்ததும் தந்தத்தை. பிழை தாடையில் இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்து ஆய்வு ஒன்று 1978-ல் வந்தது. கீழ்த்தாடையின் இரண்டு கோரைப்பல் வேர்களை விட்டுவைத்து அதன்மேல் செட் போட்டவர்களுக்கு ஐந்தாண்டில் முன்பக்க எலும்பு கரைந்தது 0.6 மில்லிமீட்டர். எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் போட்டவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். இரண்டே இரண்டு வேர் செய்த வித்தியாசம்.

இன்று இதே நோயாளி வந்தால்

24 வயதில் வந்தால் அந்த முதல் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருப்போம், ஈறுக்கு அடியில் இருக்கும் காரையை எடுத்திருப்போம். அதிலேயே வழக்கின் பாதி முடிந்துவிடும்.

57 வயதில், ஒற்றைப் பல்லோடு வந்தால்? முதலில் எக்ஸ்ரே. வேரைச் சுற்றிப் பாதிக்கு மேல் எலும்பு இருந்தால் பிடுங்க மாட்டேன். வேர் சிகிச்சை செய்து, தலைப்பகுதியை ஈறு மட்டத்துக்கு இறக்கி, வட்டமாக மழித்து மூடிவிடுவேன். உயரம் குறைந்தால் நெம்புகோலும் குறைகிறது. கிரீன்வுட்டின் துளையில் நின்ற பல்லைச் சாய்த்த விசை இதைச் சாய்க்காது. செட் அதன் மேலே அமரும். வேரின் நார்ப்படலம் இருப்பதால் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்ற உணர்வும் தங்கும். வெறும் ஈறில் உட்காரும் செட்டில் கடிக்கும் வலிமை சொந்தப் பல்லில் இருந்ததில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான்.

ஒரு வேர் போதாது. ஆகவே கீழ்த்தாடையில் கோரைப்பல் இருந்த இடங்களில் இரண்டு டைட்டானியம் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர். டைட்டானியத்தோடு எலும்பு நேராக ஒட்டிக்கொள்ளும் என்பதை ஸ்வீடனின் பெர் இங்வார் பிரானிமார்க் முயல் எலும்பில் கண்டறிந்து, 1965-ல் முதல்முறையாக மனிதத் தாடையில் பொருத்தினார். துளையிடும்போது எலும்பு சூடேறக்கூடாது, 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே அது சேதமாகும். அதனால் தண்ணீர் பாய்ச்சியபடி மெதுவாகத் துளைக்கிறோம். கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதத்தில் எலும்பு பிடித்துக்கொள்ளும். பிறகு அதன் தலையில் பட்டன் போன்ற இணைப்பு, செட்டின் அடியில் அதைக் கவ்வும் வளையம். 2002-ல் கனடாவின் மாண்ட்ரியலில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட்டில் நிற்கும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். மேல்வாய்க்கு, அச்சு சரியாக எடுத்த சாதாரண அக்ரிலிக் செட்டே பெரும்பாலும் போதும்.

எல்லாப் பல்லுக்கும் தனித்தனி இம்ப்ளான்ட் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எலும்பு, சர்க்கரை, புகைப்பழக்கம், பணம் நான்கையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் பீடி சிகரெட் விடாதவருக்கும் அவசரப்பட்டு இம்ப்ளான்ட் வைப்பதை நான் ஆதரிப்பதில்லை.

விட்டுவைத்த வேருக்கும் பராமரிப்பு வேண்டும். செட்டுக்கு அடியில் எச்சில் ஓடாது, அழுக்குத் தங்கும், சொத்தை எளிதில் பிடிக்கும். தினமும் இரண்டு வேளை அந்த வேர்முனையை மெத்தென்ற பிரஷால் தேய்த்து, ஃப்ளூரைடு ஜெல் தடவ வேண்டும். செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈறு ஆழத்தை அளந்து, ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கரைந்த அளவுக்குச் செட்டின் உட்பரப்பை நிரப்பித் திருத்திக்கொள்ள வேண்டும். இணைப்பு வளையம் தேயும்; பிடி தளர்ந்ததும் மாற்ற வேண்டும், நேரில் வந்து.